கொடைக்கானல் கோடை விழா யாருக்கு? நிலக்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி, அதற்கு என் பதில்கள்

ஏப்ரல் 20, 2025, மாலை. நிலக்கோட்டை வாசகரின் கேள்வி

போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். கோடை விழா நடப்பது தெரியாமல் கிளம்பிவிட்டோம். பெருமாள்மலையில் மூன்றரை மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பிரையண்ட் பூங்காவுக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. பூவைப் பார்த்ததைவிட முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். இந்த விழா யாருக்கு? உள்ளூர்க்காரருக்கு இடைஞ்சல், வெளியூர்க்காரருக்கு அலைச்சல். நிறுத்திவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கொடைக்கானல்காரர் யாராவது மனசாட்சியோடு சொல்லுங்கள்.

ஏப்ரல் 20, இரவு 9.40

எனக்கு நஷ்டம். என் அம்மாவுக்கு நஷ்டம்.

நான் பிறந்தது நாயுடுபுரம். 51 வயதாகிறது, இன்னும் இங்கேதான் இருக்கிறேன். என் நினைவு தெரிந்து விழா நடந்த எந்த வருடத்தையும் தவறவிட்டதில்லை. முதுகைத்தான் பார்த்தோம் என்கிறீர்கள். ஐந்து மணிக்கு உள்ளே போனால் முதுகுதான் தெரியும். காலை எட்டு மணிக்கு, புல்லில் பனி காயாத நேரத்தில் போய்ப் பாருங்கள், பிறகு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

ஏப்ரல் 21, காலை

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். கேள்வியைக் காலையில் மறுபடி படித்தேன். இடைஞ்சல் என்று நீங்கள் எழுதியது பொய்யில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் விழா வாரத்தில் அப்பாவை மதுரையில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் வாடகை வண்டி ஓட்டுகிறவர், இந்த மலைப்பாதையின் வளைவெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவராலேயே மூஞ்சிக்கல்லைத் தாண்ட முடியவில்லை. இறங்குகிற வண்டியும் ஏறுகிற வண்டியும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. அப்பாவுக்குச் சிறுநீர் அடக்க முடியாத வயது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிர் வண்டியில் வந்த ஒரு குடும்பம் இறங்கி, போர்வையைப் பிடித்து மறைவு கட்டிக் கொடுத்தது. பெட்டிக்கடை நிழலில் உட்காரவைத்துப் பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். சேலத்துப் பக்கத்துக்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தது. டாக்டரை அன்று பார்க்கவில்லை, பாதியில் திரும்பிவிட்டோம்.

ஆக, நெரிசல் எனக்குத் தெரியும். அதற்காக விழாவை நிறுத்தலாம் என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று ஒரே மூச்சில் எழுத வரவில்லை. தோன்றும்போது எழுதுகிறேன்.

ஏப்ரல் 23

முதலில் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அம்மா பிரையண்ட் பூங்காவில் கூலிக்குப் போனவள். நாங்கள் ‘பார்க்’ என்றுதான் சொல்வோம். ‘பார்க் வேலைக்குப் போறேன்’ என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம், நாற்றங்கால். மே மாதம் ஒன்பது, பத்து நாள் நீங்கள் பார்க்கும் பூவுக்கு வேலை டிசம்பரில் ஆரம்பிக்கும். பாத்தியைக் கொத்தி, பழைய வேரைப் பொறுக்கி, எரு கலந்து ஆறப்போடுவார்கள். ஒரு பக்கம் நாற்று வளரும். நடவை ஒரே நாளில் முடிக்க மாட்டார்கள். ஒவ்வொரு செடிக்கும் நட்டதிலிருந்து பூக்க எத்தனை நாள் ஆகும் என்பதை மே கடைசி வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கேற்ற தேதியில் நடுவார்கள். டெல்பினியம் முன்னால் போகும், சால்வியா பின்னால் வரும். டேலியாவுக்குக் கிழங்கு. ரோஜாவுக்குக் கவாத்து செய்யும் நாளையும் இப்படித்தான் குறிப்பார்கள்.

படிப்பு அதிகம் இல்லாத அம்மா இந்தக் கணக்கை விரலில் போடுவாள். முந்திக்கொண்டு வரும் மொக்கைக் கிள்ளிப் போட்டுவிடுவாள். ‘அவசரப்படுறான்’ என்பாள், பையனைச் சொல்வது மாதிரி. பிந்துகிற செடிக்கு முன்னால் உட்கார்ந்து, ‘எல்லாரும் கெளம்பிட்டாங்க, நீ இன்னும் தலை சீவுற’ என்பாள்.

ஜனவரி இன்னும் கஷ்டம். ஏரிப் பக்கம் பள்ளம் என்பதால் உறைபனி அங்கேதான் முதலில் இறங்கும். விடியும்போது புல் மேல் உப்புக் கொட்டியது போல் இருக்கும். வெயில் படுவதற்குள் தண்ணீர் தெளித்து அந்தப் பனியைக் கரைக்காவிட்டால் இலை கருகிவிடும். அதற்காக இருட்டிலேயே போவாள். திரும்பி வந்ததும் விரலை என் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்வாள். நான் கத்துவேன்.

ஆறு மாத வேலைக்கு ஒன்பது நாள் பூ. அந்த ஒன்பது நாளும் அம்மா பூவைப் பார்த்ததில்லை. ஆட்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தக் கால் பாத்திக்குள் இறங்கப்போகிறது என்று.

ஏப்ரல் 23, இரவு

விட்டுப்போனது ஒன்று. எந்த ஊர்க்காரர் வந்து நின்று ‘அப்பா, எவ்வளவு பூ’ என்று சொன்னாலும் அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவருவாள். ‘இன்னைக்கு ஒரு தெலுங்குக்காரம்மா டேலியாகிட்டயே நின்னுட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் கூப்பிடக் கூப்பிட வரல.’ சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு. அப்பாவும் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பார். விழா யாருக்கு என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டுக்கு அது இப்படித்தான் வந்தது.

ஏப்ரல் 26

நிலக்கோட்டைத் தம்பி நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நானும் தம்பி என்றே எழுதுகிறேன். ‘சரிக்கா, உங்க அம்மா உழைப்புக்குத் தலைவணங்குறேன். ஆனா அது அரசு பூங்கா, அரசு நடத்துற கண்காட்சி. ஊர் விழான்னா ஊர்க்காரங்க கூடி எடுக்கிறது. எங்க ஊர் மாரியம்மன் திருவிழா மாதிரி. இது ஊர் விழா ஆகாது’ என்கிறார்.

நல்ல கேள்வி. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஏப்ரல் 27

ஞாயிற்றுக்கிழமை ஏரியை ஒரு சுற்று நடந்தேன், ஐந்து கிலோமீட்டர். யோசிக்க நல்ல தூரம்.

தம்பி, இந்த ஏரியே இயற்கை ஏரி இல்லை. ஓடைகள் சேர்ந்த சதுப்பாகக் கிடந்த இடம். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டி நீரைத் தேக்கினார். சுமார் 60 ஏக்கர், விரல் விரித்த கை மாதிரி நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கும் அப்படித்தான். 1908-இல் பிரையண்ட் என்ற வனத்துறை அதிகாரி போட்டது, 20 ஏக்கர். ஊரே அமெரிக்க மிஷனரிகள் வெக்கைக்குப் பயந்து 1845-இல் வீடு கட்டி வந்து உண்டாக்கியது. எங்களில் பாதிப் பேர் கீழேயிருந்து வேலைக்கு ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களும் உண்டு. அதற்கெல்லாம் முன்பிருந்தே காட்டில் இருப்பவர்கள் பளியர்.

இப்படிப்பட்ட ஊரில் எல்லாரும் சேர்ந்து எடுக்கும் கோயில் திருவிழா எது? குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிறவர் போவார், ஆகஸ்ட் மாதம் சலேத் அன்னை தேருக்குப் போகிறவர் போவார், ஒருவர் விழாவுக்கு மற்றவர் வேடிக்கை பார்க்க வருவார். கோடை விழாவில் அந்த வேறுபாடு இல்லை. இன்னொன்று, உங்கள் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை வந்ததுண்டா? பரிவட்டம் யார் தலையில் என்று? எந்தத் தெருவுக்குச் சப்பரம் வரும், எந்தத் தெருவுக்கு வராது என்று? என் அம்மா பிறந்த ஊரில் அந்தச் சண்டையில் திருவிழா பல வருடம் நின்றுபோனது. இங்கே அம்மா நட்ட பாத்திக்கு முன்னால் கலெக்டரும் நிற்பார், குதிரைக்காரர் பிள்ளையும் நிற்கும். யாரும் யாரையும் நகரச் சொல்வதில்லை, கூட்டம் தள்ளும்போது தவிர.

அரசு எடுப்பதால் அது எங்கள் விழா இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. எங்கள் அம்மாக்கள் நட்டதுதான் அங்கே பூக்கிறது.

ஏப்ரல் 30

தம்பி கேட்டது: ‘பூவைத் தவிர வேற என்னக்கா நடக்கும்?’

படகு அலங்காரம். ஒவ்வொரு அரசுத் துறையும் ஒரு படகை ஜோடித்து ஏரியில் விடும். தோட்டக்கலைத் துறைப் படகு முழுக்கப் பூவும் காயுமாக வரும். வனத்துறை மூங்கிலும் இலையும் கட்டி, விலங்கு பொம்மைகளோடு வரும். மீன்வளத் துறைக்காரர் வலையும் மீனும். நகராட்சிக்கு ஒன்று. எந்தப் படகுக்குப் பரிசு என்று கரையில் நின்று நாங்கள் பேசுவது நடுவர்கள் பேசுவதைவிட நீளமாகப் போகும். இது தவிரப் படகுப் போட்டி, மீன் பிடிக்கும் போட்டி, நாய்க் கண்காட்சி, ராத்திரி கலை நிகழ்ச்சி.

எனக்குப் பிடித்தது தப்பாட்டம். மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து குழுக்கள் வரும். அங்கே ஒரு முறை காய்ச்சினால் தோல் வெகுநேரம் விறைப்பாக நிற்கும். இங்கே மூடுபனி இறங்கியதும் தோல் தொய்ந்துவிடும். ஒரு பாட்டு முடிந்ததும் சருகைக் கூட்டிக் கொளுத்திக் காய்ச்சுவார்கள், அடிப்பார்கள், மறுபடி காய்ச்சுவார்கள். வெறுங்காலில், ஈரப் புல்லில். ஒரு வருடம் ஒரு பையனுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஸ்வெட்டர் கடைக்காரம்மா ஒரு குல்லாவைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள், காசு கேட்கவில்லை. அந்தக் குல்லாவோடு அவன் ஆடிய ஆட்டம்! சலங்கைக்கு மேல் கம்பளிக் குல்லா.

முக்கியமானதை மறந்துவிட்டேன். வாத்து பிடிக்கும் போட்டி. ஏரியில் வாத்துகளை விடுவார்கள். துடுப்புப் படகில் இரண்டிரண்டு பேராகப் போய்ப் பிடிக்க வேண்டும். என் தம்பி 17 வயதில் மாமாவோடு சேர்ந்து ஒன்றைப் பிடித்தான். வாத்துக்குத் தண்ணீர்தான் வீடு, அது முங்கும், நாலு முழம் தள்ளி எழும், படகு திரும்புவதற்குள் இன்னொரு பக்கம் போயிருக்கும். கரை முழுக்கச் சிரிப்பு. மாமா தண்ணீரில் விழுந்தார். ஊரே அவரை ஒரு வருடம் வாத்து மாமா என்று கூப்பிட்டது.

மே 2

ஒரு திருத்தம். வேறொரு வாசகர் இந்த வருடம் எத்தனையாவது மலர் கண்காட்சி என்று கேட்டதற்கு 64 என்று சொல்லிவிட்டேன். 62. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் நடக்கவில்லை. அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டேன். 2023-இல் நடந்தது 60, போன வருடம் 61.

மே 3

அந்த இரண்டு வருடத்தைக் கூட்டிக் கழித்துவிட்டேன், ஆனால் அதிலேயே மனம் நின்றுவிட்டது.

தம்பி, விழாவை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. நான் பார்த்திருக்கிறேன்.

2020-இல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில். அதற்குள் நடவு முடிந்திருந்தது. செடிக்கு ஊரடங்கு தெரியாது, கணக்குப்படி மே மாதம் பூத்தது. பார்க் பூட்டியிருந்தது. அம்மா அதற்குச் சில வருடம் முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டாள், ஆனாலும் மனசு கேட்கவில்லை. காய்கறி வாங்கப் போகும் சாக்கில் என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிச்சாலை வழியாக நடந்தாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் பூத்துக் கிடந்தது. சிவப்பு, ஊதா, மஞ்சள், இடைவெளி இல்லாமல். உள்ளே மண்வெட்டியோடு இரண்டே பேர். ஏரியில் ஒரு படகு இல்லை. காரின் சத்தம் இல்லை. நீங்கள் கேட்கும் அமைதி அதுதான், துளி நெரிசல் இல்லை.

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘பாவம், அலங்காரம் பண்ணி உக்காந்திருக்கு, யாரும் வரல’ என்றாள்.

அந்த மே மாதம் எங்கள் தெருவில் எரிந்த அடுப்பை எண்ணலாம். வாடகைச் சைக்கிள் வைத்திருந்தவர், குதிரைக்காரர், மக்காச்சோளம் சுட்டு விற்கிறவர், பஜ்ஜிக் கடை, துணிக்கடையில் மடித்துவைக்கும் பெண்கள், என் வீட்டுக்காரர். இந்த ஊர் ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் சம்பாதித்ததை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளும். குதிரைக்குக் கொள் வாங்கக் காசில்லாமல் ஒருவர் குதிரையைப் புல் மேய அவிழ்த்துவிட்டார், அது கடைவீதியில் தானாக நடந்து போகும். மனிதரில்லாத வீதியில் குதிரை மட்டும். அதை இன்னொரு முறை நான் பார்க்க வேண்டாம்.

மே 4

நேற்று எழுதியதைப் படித்த என் மகள், ‘காசுக்காகத்தான் விழா வேணும்னு சொல்ற மாதிரி இருக்கும்மா’ என்கிறாள். காசும் வேண்டும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது காசுக்காக இல்லை.

மே 7

இன்று ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘அந்த வாத்து பிறகு என்ன ஆனது?’ வேறு ஒன்றும் எழுதவில்லை.

தெரியவில்லை என்று பதில் அடிக்கப்போனேன். அதற்கு முன் என் கூடப்பிறந்த தம்பிக்குப் போன் போட்டேன், இப்போது திருப்பூரில் இருக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அக்கா, நான் அதுக்கப்புறம் போட்டிக்குப் போகலையே, கவனிச்சியா?’ என்றான். நான் கவனிக்கவில்லை. ‘கையில பிடிச்சதும் அதோட நெஞ்சு என் உள்ளங்கையில அடிச்சுது. இவ்வளவு வேகமா ஒண்ணு அடிக்குமான்னு இருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு அதை விட்டுடணும்போல இருந்துச்சு. பரிசு போயிருமேன்னு விடல’ என்றான்.

முப்பது வருடமாக அந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்லிவருகிறேன். ஏப்ரல் 30-இல் இங்கேயும் அப்படியே எழுதினேன். வாத்துக்குத் தண்ணீர்தான் வீடு என்று எழுதினேன். வீட்டுக்குள் ஆள் புகுந்து துரத்தினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. எழுதியதை அழிக்கப்போவதில்லை, இருக்கட்டும். ஆனால் வாத்துப் போட்டி இல்லாமலே விழா நடக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். சிரிப்புக்கு மாமாக்கள் படகில் ஏறினாலே போதும்.

கேட்டவருக்கு நன்றி.

மே 10

தம்பியின் கேள்வி: ‘மறுபடி வர்றதா இருந்தா எப்படி வரணும்?’

வருகிறாரா! சொல்கிறேன்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7-இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது கட்டாயம். இந்த ஏப்ரலிலிருந்து எண்ணிக்கையும் வைத்துவிட்டார்கள்: வார நாளில் 4,000 வண்டி, சனி, ஞாயிறு 6,000. இதை வியாபாரிகளில் பலர் எதிர்க்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கும் வருத்தம்தான். எனக்கு இரண்டு மனது. அப்பா கதவைப் பிடித்திருந்த கை ஒரு பக்கம், கடைவீதியில் நடந்த குதிரை ஒரு பக்கம்.

அரசு பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. வத்தலக்குண்டில் விடிகாலை பஸ் பிடியுங்கள், இரண்டரை மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைத்தால் டம்டம் பாறையில் தலையாறு அருவி வெள்ளிக் கம்பி மாதிரித் தெரியும். பஸ் நிலையத்திலிருந்து பார்க் நடக்கிற தூரம். புதன், வியாழன் வாருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், ஐந்து லிட்டருக்குக் குறைந்ததற்குத் தடை, பாட்டிலுக்கு 20 ரூபாய் வாங்குவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.

வாங்குவதென்றால் சாக்லேட்டோடு நிறுத்தாதீர்கள். மே மாதம் பிளம்ஸ் இருக்கும். பூம்பாறைப் பக்கம் விளையும் மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சின்னது, காரம் பெரியது, நாள்பட இருக்கும். கட்டித் தொங்கவிட்டால் அடுத்த விழா வரைக்கும் வரும் என்பாள் அம்மா. அது மிகை. ஆனால் பல மாதம் வரும்.

மே 24

திறந்துவிட்டார்கள். ஜூன் 1 வரை.

வானம் சரியில்லை. கேரளத்தில் பருவமழை இன்றே தொடங்கிவிட்டது, இங்கே அதன் சாரல். காற்றும் உண்டு. டேலியாவுக்கு மழை ஆகாது, தலை கனத்து இதழுக்குள் தண்ணீர் நின்றால் கழுத்து ஒடியும். அம்மா ராத்திரியெல்லாம் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு புரண்டாள். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும்.

மே 25

குச்சி கட்டியிருக்கிறார்கள், பெரிய சேதமில்லை. இதை அம்மாவிடம் சொன்ன பிறகுதான் சாப்பிட்டாள்.

மே 28, இரவு

தம்பி வந்துவிட்டுப் போனார். தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். காலை எட்டேகாலுக்குப் பார்க் வாசலில் நின்றோம், அவர்கள் இரண்டு பேர், நானும் அம்மாவும். அம்மாவுக்கு 74, அவர்களுக்கு 66 என்றார்கள். இருவருக்கும் முழங்கால் வலி, அதனால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

தம்பி ஒன்றை இத்தனை நாள் சொல்லவே இல்லை. அவர் அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர். நாற்பது வருடமாக. நிலக்கோட்டை என்றதுமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், பூ மார்க்கெட் ஊர் அல்லவா. போன வருடம் அவர்களையும் கூட்டி வந்துதான் பெருமாள்மலையில் மூன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்ட முடியாமல் போன கோபம்தான் அந்த முதல் கேள்வி. அது தெரிந்திருந்தால் ஏப்ரல் 20 ராத்திரி அப்படி வெடுக்கென்று எழுதியிருக்க மாட்டேன்.

உள்ளே போனதும் அந்த அம்மா டேலியாவுக்குக் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். ‘மணமே இல்லையே. இதுக்கா இம்புட்டுக் கூட்டம்?’ என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவோ, ‘மணம் இல்ல, தாயி. நிறந்தான். பாரு, ஒரே செடியில இருக்கு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா?’ என்று ஆரம்பித்துவிட்டாள். எது கிழங்கு, எது விதை, எதை என்று நட்டிருப்பார்கள், எதை எத்தனை முறை கிள்ளியிருப்பார்கள். அந்த அம்மா ஊம் கொட்டிக்கொண்டே வந்தார்கள். பூவை வைத்து விலங்கு உருவங்கள் செய்து நிறுத்தியிருந்த இடத்தில் கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி மாளிகையைத் தாண்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தம்பியைப் பார்த்து, ‘நான் பூ விரிஞ்சு பாத்ததே இல்லடா’ என்றார்கள்.

எனக்கு முதலில் புரியவில்லை. மல்லிகையை மொட்டாகத்தான் பறிப்பார்கள். விடியுமுன்னே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு போய், விரிவதற்கு முன் பறித்து, மார்க்கெட் சேர்த்துவிட வேண்டும். விரிந்த பூவுக்கு விலை கிடையாது. செடியில் ஒன்று தப்பி விரிந்திருந்தால் அது அன்றைய பிழை, கண்ணுக்குத் தப்பியது. நாற்பது வருடமாகப் பூவோடு இருந்தும், பறிக்காமல் விட்ட பூ நிறைந்த தோட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. ‘எல்லாத்தையும் அப்படியே விட்டிருக்காங்க’ என்று மறுபடி மறுபடி சொன்னார்கள். அம்மா அவர்கள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் ஒரே மாதிரி இருந்தது, நகக்கண்ணில் கறை, கட்டைவிரல் பக்கத்தில் காய்ப்பு.

கிளம்பும்போது அம்மா சட்டென்று குனிந்து பாத்தி ஓரத்திலிருந்து எதையோ பிடுங்கினாள். காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதினான். ‘களைடா’ என்று காட்டிவிட்டு அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மே 29

தம்பி எழுதியிருக்கிறார். மூன்று மணி பஸ்ஸில் இறங்கிவிட்டார்களாம், பெருமாள்மலையில் பத்து நிமிடம்தான் நின்றதாம். பூண்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். ‘நிறுத்தணும்னு எழுதினதை அழிக்கட்டுமாக்கா?’ என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. நெரிசலைப் பற்றி நீங்கள் எழுதியது இன்னும் உண்மைதான். சனிக்கிழமை வந்திருந்தால் உங்கள் அம்மா மறுபடி முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். ஒரு யோசனை மட்டும் எனக்கு உண்டு: முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் நடவு செய்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் திறந்துவிட வேண்டும். ஆட்களின் காலைப் பார்க்காமல் பூவைப் பார்க்கட்டும். யாரிடம் சொல்வது என்று விசாரித்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்திலிருந்து யாராவது கையெழுத்துப் போட வந்தால் சொல்லுங்கள்.

டிசம்பர் 4

பார்க் வழியாக வந்தேன். பாத்தி கொத்திப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ‘எரு கலந்துட்டாங்களா?’ என்று கேட்டாள். அதைக் கவனிக்கவில்லை. நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.